உல்லாசக் கப்பல் பயணத்தில் உடல் எடையைக் கவனிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவில் நம் பந்திங் ஊரில் கப்பல் பயணப் பேச்சு தொடங்கிவிடும். புலாவ் இண்டாவில் உள்ள பயணக் கப்பல் முனையத்துக்கு இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சிங்கப்பூர் வரை பஸ்ஸில் போய் அங்கே கப்பல் ஏறுகிறவர்களும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்யாண நாள் கொண்டாடும் தம்பதிகள், பேரப்பிள்ளைகளோடு கிளம்பும் தாத்தா பாட்டிகள் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் மூன்று இரவு, நான்கு இரவு என்று போய் வருகிறார்கள். புறப்படும் முன் அவர்கள் கேட்பது: "அங்கே எந்நேரமும் சாப்பாடாமே, எடை ஏறிடாதா?"

ஏறும். ஆனால் ஏறியதில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல், வந்த மறுநாளே மெஷினில் நின்று பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் அதிகம். சிலர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாள் கணக்கில் பட்டினி கிடக்கிறார்கள். இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மாத்திரை எடுப்பவர்கள் அப்படிச் செய்வது ஆபத்து. நான் எல்லோருக்கும் சொல்லும் முறை இதுதான்: எடையை வீட்டில் பாருங்கள், கப்பலில் இடுப்பை அளங்கள், தீர்ப்பைத் திரும்பி வந்து பத்து நாள் கழித்துச் சொல்லுங்கள்.

எடை ஒரு அழகுப் பிரச்சினை என்று நினைத்து நான் இதை எழுதவில்லை. 2019-ஆம் ஆண்டு நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியர்களில் பாதிப் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, மூன்று பெரிய இனங்களிலும் அதுவே அதிகம். நம் தாத்தா பாட்டி விடியற்காலையிலேயே ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டப் போய், பால் வாளியைச் சுமந்து, நடந்தே திரிந்தவர்கள். அவர்கள் சாப்பிட்ட சோற்றின் அளவு நம் தட்டில் அப்படியே இருக்கிறது. நாம் செய்வதோ உட்கார்ந்த வேலை. அதனால் விடுமுறையில் ஏறும் ஒரு கிலோவை நம் ஆட்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் இவர்கள் படிக்க வேண்டியது

இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், தண்ணீர் போகும் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்குக் கீழே வரும் "பத்து நாள் பொறுங்கள்" என்ற பேச்சு பொருந்தாது. உங்களுக்கு எடை என்பது கொழுப்புக் கணக்கு இல்லை, உடம்பில் தேங்கும் நீரின் கணக்கு. மூன்று நாளுக்குள் 2 கிலோ ஏறினால், அதோடு மூச்சு வாங்குவது, படுத்தால் இருமல், கால் வீக்கம் எது சேர்ந்தாலும், அது அபாய அறிகுறி. கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். கப்பலிலேயே மருத்துவ அறை இருக்கும். அங்கே கட்டணம் அதிகம்தான், இருந்தாலும் போங்கள்.

புறப்படும் முன் உங்கள் டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ ஏறினால் பயப்பட வேண்டும்? அப்போது மாத்திரையைக் கூட்டலாமா, கூடாதா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? டயாலிசிஸ் செய்பவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சிகிச்சை மையத்தில் பேசிவிட வேண்டும். சிகிச்சை நாளைக் கணக்கில் எடுக்காமல் எந்தக் கப்பலும் ஏறக்கூடாது.

இவர்கள் மட்டும் வீட்டு எடை மெஷினையே கையோடு கொண்டுபோவது நல்லது. கப்பல் ஆடும்போது அது சரியாகக் காட்டாது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். துறைமுகத்தில் கப்பலைக் கட்டி நிறுத்திய நேரத்தில் பார்த்தால் ஓரளவு நம்பலாம். பினாங்கு சுவெட்டன்ஹம் முனையில் கப்பல் கரையை ஒட்டியே நிற்கும், அந்த மாதிரி நேரம் சரியாக இருக்கும். நடுக்கடலில் பார்க்க வேண்டி வந்தால் ஐந்து முறை ஏறி இறங்கி, வந்த எண்களின் சராசரியை எழுதுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிப்பின் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மாத்திரையே சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். வெயில், உப்பு, நீண்ட நேரம் உட்காருவது எல்லாம் சேர்ந்தால் வீக்கம் கூடும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அது வேறு சங்கதி, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

படி 1: புறப்படும் முன், ஏழு காலை

பயணத்துக்கு முந்தின ஏழு நாளும் காலையில் எடை பாருங்கள். எழுந்து, கழிவறை போய் வந்து, பசியாறும் முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில். ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஆரம்ப எடை.

ஒரே ஒரு நாள் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. எந்தத் தப்பும் செய்யாத மனிதருக்கும் ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையே ஒரு கிலோ முன்னே பின்னே போகும், சில நாள் அதற்கு மேலும் போகும். முந்தின இரவு கல்யாண விருந்து, அல்லது மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தின நாட்கள், இவை ஒவ்வொன்றும் எண்ணைத் தள்ளிவிடும். புறப்படும் நாள் காலையில் உடம்பு லேசாக இருந்து 68.2 காட்டியிருக்கும். சராசரி 69 ஆக இருக்கும். திரும்பி வந்து 69.5 பார்த்தால் ஒரு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டதாக அழுவோம். உண்மையில் ஏறியது அரைக் கிலோ.

எடை மெஷினையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரை அல்லது டைல்ஸ் மீது, ஆடாத இடத்தில் வையுங்கள். பாய் மீதோ கார்ப்பெட் மீதோ வைத்தால் தப்பாகக் காட்டும். பிறகு பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறுங்கள். வித்தியாசம் 10 கிலோவை ஒட்டி வர வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சில டிஜிட்டல் மெஷின்கள் முந்தின எண்ணை நினைவில் வைத்திருந்து, எடை கொஞ்சமே மாறியிருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். நடுவில் ஒருமுறை கனத்தோடு ஏறினால் அந்த நினைவு அழிந்துவிடும். ஒவ்வொரு காலையும் இப்படிச் செய்வது தொல்லை என்றால், பயணத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் அரசாங்கக் கிளினிக்கிலோ மருந்துக்கடையிலோ பார்க்கலாம். போகும் முன்னும் வந்த பின்னும் ஒரே மெஷினாக, ஒரே நேரமாக இருக்க வேண்டும்.

படி 2: இடுப்பளவும் ஒரு உடையும்

தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் ஒன்று போதும். அளக்கும் இடம் முக்கியம். நம் ஆண்கள் பலர் தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டும் இடத்தை அளந்து "பத்து வருசமா 34 இன்ச்தான்" என்பார்கள். அந்த இடம் கணக்கில்லை. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதைத் தாண்டியிருந்தால், எடை எப்படி இருந்தாலும், வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

உடை விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. விடுமுறை என்றாலே எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, டிராக் பேண்ட், கைலி, நைட்டி என்றுதான் பெட்டி நிரம்பும். அதெல்லாம் வயிறு எவ்வளவு பெருத்தாலும் சத்தமில்லாமல் வழி விடும். இழுபடாத துணியில் தைத்த ஒரு பேண்ட் அல்லது ஒரு பழைய சேலை ரவிக்கை, சரியான அளவில் இருப்பது, கட்டாயம் எடுத்துப்போங்கள். கப்பலில் ஒரு இரவாவது நல்ல உடை உடுத்திச் சாப்பிடப் போவீர்கள், அன்றைக்கு அது தேவைப்படும். ரவிக்கையின் கொக்கி எப்படி மாட்டுகிறது, கை எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் புறப்படும் முன் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காமார்கள் இதை டேப்பைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

மோதிரம் போடுகிறவர்கள் அதையும் கவனியுங்கள். காலையில் எளிதாகக் கழன்ற மோதிரம் மாலையில் பிடித்தால் அது தண்ணீர்தான். இடுப்பும் ரவிக்கையும் ஒரு வாரத்துக்குப் பிறகும் பிடித்தால்தான் கொழுப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

கப்பலில் பெரிய பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் அறைக்குக் கொண்டுவருவார்கள். மாத்திரை, இன்சுலின், சர்க்கரை பார்க்கும் கருவி, டேப், சிறு நோட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

படி 3: கப்பலில் உள்ள எடை மெஷினை நம்ப வேண்டாம்

உடற்பயிற்சி அறையிலோ ஸ்பாவிலோ ஒரு மெஷின் நிற்கும். ஆசைக்கு ஏறிப் பார்க்கலாம், எழுதி வைக்க வேண்டாம்.

காரணம் இது. மெஷின் நம் எடையை நேரடியாக அளப்பதில்லை. நம் கால் அதை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளந்து கிலோவாக மாற்றிச் சொல்கிறது. கப்பல் அலையில் மேலே எழும்பும்போது அழுத்தம் கூடும், இறங்கும்போது குறையும். அந்த மாற்றம் நூற்றில் இரண்டு பங்காக இருந்தாலே, 70 கிலோ ஆளுக்கு 1.4 கிலோ கூடவோ குறையவோ காட்டும். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாக இருக்கும், கப்பல் ஆடுவதே தெரியாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்சீனக் கடல் பக்கம் போகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். இதற்கு மேல், அறைகளில் கார்ப்பெட் விரித்திருக்கும், குளியலறைத் தரை தண்ணீர் வடிய லேசாகச் சரிந்திருக்கும். சாப்பிட்டு, குடித்து, கனமான உடையோடு மாலை நேரத்தில் ஏறுவோம். இத்தனை கோளாறும் சேர்ந்த எண்ணைப் பார்த்து ஏன் ஒரு நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அதற்குப் பதிலாக, இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் பசியாறும் முன் இடுப்பை அளந்து எழுதுங்கள். நல்ல உடை போடும் இரவில் அது எப்படி இருந்தது என்று ஒரு வரி. சாக்ஸ் கழற்றும்போது காலில் பள்ளம் ஆழமாக விழுகிறதா என்று ஒரு வரி. எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது.

படி 4: சாப்பாட்டைக் கணக்கு வைப்பது

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர வேண்டுமானால், தேவைக்கு மேலாக ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று நாளில் அது நடக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 2,500 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். அதாவது வழக்கமாகச் சாப்பிடுவதைப்போல் இரண்டு மடங்கு. நம்மில் பெரும்பாலோருக்கு அது முடியாது. ஆகவே மூன்று இரவுப் பயணத்தில் இரண்டு மூன்று கிலோ ஏறியது என்றால் அதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்கவே முடியாது.

ஏழு இரவு என்றால் கதை மாறும். ஒரு நாளைக்கு 1,100 கலோரி கூடுதல் போதும். காலையில் வழக்கமான பசியாறலோடு ஒரு ரொட்டி சானாய் கூடுதலாக, அது சுமார் 300. பகலில் ஒரு டின் இனிப்பு பானம், சுமார் 140. மாலையில் ஐஸ்கிரீமும் கேக்கும். இரவில் இரண்டு பீர், சுமார் 300. வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல் கணக்கு முடிந்துவிடும். நீண்ட பயணம் போகிறவர்கள்தான் உண்மையில் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் பானங்கள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பாருங்கள். நான் ஒன்றைத்தான் குறைக்கச் சொல்வேன் என்றால் அது குடிப்பதைத்தான். கப்பலுக்குப் போய்ச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் குடிப்பது அவ்வளவு கொடுமை இல்லை. பான பேக்கேஜ் வாங்கினால் போட்ட காசுக்கு எடுக்க வேண்டும் என்று மனம் ஓடும். தினமும் குடிக்காதவர்கள் அதை வாங்கவே வேண்டாம்.

பஃபேயில் தட்டை எடுக்கும் முன் ஒரு சுற்று வெறுங்கையோடு நடந்து எல்லாவற்றையும் பாருங்கள். வரிசையின் முதலில் வெள்ளைச் சோறு, மீ, பொரியல் உருளைக்கிழங்கு இருக்கும், அதிலேயே தட்டு நிரம்பிவிடும். வீட்டில் கிடைக்காத பண்டம் எது என்று பார்த்து அதற்கு இடம் வையுங்கள். மீ கோரிங்கை பந்திங் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எந்த வாரமும் வாங்கலாம். சுகாதார அமைச்சு சொல்லும் "சுகு சுகு செபாரோ" (கால், கால், பாதி) தட்டு முறை பஃபேக்கு மிகவும் பொருந்தும்: தட்டில் கால்வாசி சோறு அல்லது மீ, கால்வாசி மீன், கோழி, பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். காய்கறிப் பாதியை முதலில் நிரப்பிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிக்கெட் எடுக்கும்போதே இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று சொல்லி வையுங்கள். சொல்லாமல் போனால், பிடித்த சைவம் கிடைக்காமல் ரொட்டி, சீஸ், உருளைக்கிழங்கு, கேக் என்று தட்டு நிரம்பும். மீன் சாப்பிட்டவரைவிடச் சைவக்காரருக்கு அதிகமாக ஏறுவது இப்படித்தான்.

நோட்டில் சாப்பிட்ட எல்லாவற்றையும் எழுத வேண்டாம், இரண்டு நாளில் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு இரவும் மூன்று எண் மட்டும்: இனிப்பு பானமும் மதுவும் எத்தனை கிளாஸ், இனிப்புப் பண்டம் எத்தனை தடவை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி சாப்பிட்டது எத்தனை தடவை. எண் கூடிக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரியும், மறுநாள் தானாகக் கை கொஞ்சம் பின்வாங்கும்.

நீரிழிவுக்குக் கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இரவு விருந்துக்காகப் பகலில் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். நேரம் தவறாமல் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், வழக்கத்தைவிட அடிக்கடி விரலில் குத்திப் பாருங்கள்.

படி 5: நடை

பெரிய கப்பல் ஒன்று 300 மீட்டருக்கு மேல் நீளம். அறை ஒரு முனையிலும் சாப்பாட்டுக்கூடம் மறு முனையிலும் இருந்தால் சும்மாவே நிறைய நடப்பீர்கள். மூட்டு ஒத்துழைத்தால் லிப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறுங்கள். சாப்பிட்டு முடித்ததும் மேல்தளத்தில் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவதையும் கொஞ்சம் தணிக்கும். காலை ஏழு மணிக்கு முன்னால் அங்கே கூட்டமும் இருக்காது, வெயிலும் இருக்காது.

படி 6: வீடு திரும்பியதும், பத்து நாள்

வந்த மறுநாள் காலையில் எடை பார்த்தால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பார்க்கலாம், எழுதலாம், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

உப்பு முதல் காரணம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாக இருக்கச் சொல்கிறது, சுமார் ஒரு தேக்கரண்டி. சூப், சாஸ், மீ, சீஸ், பதப்படுத்திய இறைச்சி என்று சாப்பிடும் நாட்களில் அதைத் தாண்டுவது மிக எளிது. உடம்பு தன் உப்பின் அடர்த்தியை மாறாமல் காக்கும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கும், அந்த விகிதத்தை நினைத்துப் பாருங்கள். கூடுதலாக உள்ளே போன சில கிராம் உப்பு, சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்தது மாவுச்சத்து. சாப்பிட்ட சோறும் ரொட்டியும் கிளைக்கோஜனாக மாறித் தசையிலும் கல்லீரலிலும் தங்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் தங்கும். வீட்டில் சோற்றைக் குறைத்திருந்தவர்கள் கப்பலில் மறுபடி நன்றாகச் சாப்பிட்டால் இதிலேயே ஒரு கிலோ ஏறும். இவற்றோடு பயணத்தில் வரும் மலச்சிக்கலும், திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததில் காலில் இறங்கிய நீரும் சேரும்.

ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஸ்டோரில் பாலை நிறுத்தால் மட்டும் கணக்கு முடியாது. கிராணி (தோட்ட எழுத்தர்) பாலுக்குள் மெட்ரோலேக் என்ற அளவுக் கருவியை விட்டு, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துத்தான் புத்தகத்தில் எழுதுவார். மழைத்தண்ணீர் விழுந்த பால் கனமாக நிற்கும், அதற்காகக் காசு அதிகம் வராது. பயணம் முடிந்த மறுநாள் நம் எடையும் மழைத்தண்ணீர் விழுந்த பால்தான்.

சரி, என்ன செய்வது? வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். ரசம், கீரை, மீன் குழம்பு, அளவான சோறு, வழக்கம்போல் தண்ணீர். பட்டினி வேண்டாம், தண்ணீர் வெளியேற்றும் மூலிகைத் தேநீர் பொட்டலங்கள் வேண்டவே வேண்டாம். முதல் மூன்று நாளில் கூடுதல் நீர் பெரும்பாலும் இறங்கிவிடும். நாலாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை, பழையபடி ஏழு காலை எடை பார்த்துச் சராசரி எடுங்கள். மாதவிடாய் அந்த வாரத்தில் விழுந்தால் அது முடியும்வரை தள்ளிப்போடுங்கள். பத்தாம் நாள் இடுப்பையும் அளந்து, அந்த ரவிக்கை அல்லது பேண்டையும் போட்டுப் பாருங்கள்.

படி 7: தீர்ப்பும் அதற்குப் பிறகும்

புதிய சராசரிக்கும் பழைய சராசரிக்கும் வித்தியாசம் அரைக் கிலோவுக்குள் இருந்து, இடுப்பும் மாறவில்லை என்றால், ஒன்றும் செய்ய வேண்டாம்.

அரைக் கிலோவுக்கு மேல், இரண்டு கிலோவுக்குள் என்றால் அது உண்மையான ஏற்றம். "போகப் போகக் குறைஞ்சிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமானது. அமெரிக்காவில் 195 பேரை ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். சராசரியாக ஏறியது 0.37 கிலோதான், அவர்கள் தாங்கள் ஏறியதாக நினைத்தது அதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்தச் சிறு ஏற்றம் பிறகு இறங்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு விடுமுறைக்கும் அவ்வளவு சேர்ந்து அப்படியே தங்கினால், பத்து வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இதை இறக்கப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நாளைக்கு 250 கலோரி குறைந்தால் கணக்குப்படி ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ. நடைமுறையில் கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கும். தினமும் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர் அதை வாரத்தில் இரண்டு நாளாக்கி, மற்ற நாளில் வீட்டிலேயே இட்லியோ ஓட்ஸோ சாப்பிட்டு, தே தாரேக்குப் பதில் தே ஓ கோசோங் குடித்தாலே அந்த அளவை எட்டலாம். மாலையில் தமானைச் (குடியிருப்பைச்) சுற்றி அரை மணி நேரம் நடந்தால் இன்னும் நல்லது. வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமையில், எடை பார்த்து எழுதுங்கள். மூன்று வாரமாக எண் இறங்கவே இல்லை என்றால் இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள்.

பத்து நாளுக்குப் பிறகும் இரண்டு கிலோ அல்லது அதற்கு மேல் நின்றால், அல்லது கால் வீக்கம் போகவே இல்லை என்றால், டாக்டரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியருக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு அங்கே ஏற்கனவே போய்க்கொண்டிருப்பவர்கள் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போகலாம். போகும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். புறப்படும் முன் சராசரி எடை, வந்த பின் சராசரி எடை, இரண்டு இடுப்பளவு, பயணத்தில் பார்த்த சர்க்கரை அளவுகள், இவை ஒரே பக்கத்தில் இருந்தால் டாக்டருக்கு மாத்திரையை மாற்ற வேண்டுமா, சாப்பாட்டைப் பற்றிப் பேச டயட்டீஷியனிடம் அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்வது எளிது.